மாணிக்கத்தின் சான்று

மிதிவண்டிச் சக்கரத்தில் காற்று போதுமா என்பதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தே அறிந்துகொள்கிறோம். பேருந்துச் சக்கரமாயின் அழுத்தமானியைப் பொருத்தி அளக்கிறோம். மருத்துவர் நம் கையில் பட்டையைச் சுற்றிக் குருதியின் அழுத்தத்தைக் காண்கிறார். இங்கெல்லாம் கருவி சென்று தொடுவதற்கு இடம் உண்டு. கருவி நுழைய வழியே இல்லாத இடத்தில், நுழைந்தாலும் நசுங்கிப் பொடியாகும் இடத்தில், அழுத்தத்தை எவ்வாறு அளப்பது? இவ்வினாவிற்கு அறிஞர் கண்ட விடையை முதன்முதலாகப் படித்த அன்று, வேறெதிலும் என் மனம் செல்லவில்லை.

மரியானா அகழியின் அடியில் கடல்நீரின் அழுத்தம், நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1,100 மடங்கு. நிலவுலகின் நடுவிலோ அஃது 36 இலட்சம் மடங்கு. அங்கே சென்று காண்பது மனிதரால் ஆவதன்று. ஆதலின் அத்தகைய அழுத்தத்தை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்க முயன்றனர். 1958-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்துத் தேசியத் தர அளவைக் கழகத்தில் சார்லஸ் வெயர், ஆல்வின் வான் வால்கன்பர்க் முதலியோர் அதற்கென ஒரு கருவியை அமைத்தனர். பெரிய எந்திரம் அன்று. கையில் எடுத்துச் செல்லத் தக்கது. இரண்டு வைரங்களின் கூர்முனைகளை மழுக்கி, அச்சிறு முகங்களை எதிரெதிரே நிறுத்தி, இடையில் ஆராய வேண்டிய பொருளை வைத்துத் திருகினால் நெருக்குவர். கொல்லனுடைய பட்டடையின் வேலையை வைரம் செய்வதால் அதற்கு வைரப் பட்டடை என்று பெயர். கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டு அரசாங்கத்தாரால் பறிமுதல் செய்யப்பட்ட வைரங்களே முதற் சோதனைகளுக்கு உதவின என்பர். திருட்டுப் பொருளுக்கு இதனினும் நல்ல வாழ்வு கிடைத்திராது!

முகம் மிகச் சிறிதாதலின் சிறு விசையும் பேரழுத்தமாகிறது. வைரம் ஒளி புகும் பொருளாதலின், நெருக்குண்ட பொருளை நுண்பெருக்காடியால் நேரே காணலாம். ஆயினும் அழுத்தம் எவ்வளவு என்பது எளிதில் விளங்கவில்லை. விசையைப் பரப்பினால் வகுத்தால் போதும் என்று நாம் பள்ளியில் படிக்கிறோம். ஆனால் கருவியின் உராய்வு விசையின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. முகத்தின் ஓரத்தினும் நடுவில் அழுத்தம் மிகுந்திருக்கிறது. உப்புத் துகளை உள்ளே வைத்து, அதன் அணுக்கள் எவ்வளவு நெருங்கின என்று எக்ஸ் கதிரால் பார்க்கும் வழி ஒன்று இருந்தது. அதற்கோ ஒவ்வொரு முறையும் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

1972-ல் அதே கழகத்தைச் சேர்ந்த ஃபார்மன், பியர்மரீனி, பார்னெட், பிளாக் என்னும் நால்வர் புதிய வழியொன்றை வெளியிட்டனர். மயிரிழையின் பருமனினும் சிறிய மாணிக்கத் துகள் ஒன்றை ஆராயும் பொருளோடு சேர்த்து உள்ளே வைத்துவிடுவது. வெளியிலிருந்து நீல ஒளியையோ பச்சை ஒளியையோ அதன்மேல் செலுத்துவது. மாணிக்கம் அவ்வொளியை உண்டு, செவ்வொளியாக உமிழும். அலுமினிய ஆக்சைடில் சிறிது கலந்துள்ள குரோமியமே அதற்குக் காரணம். அச்செவ்வொளியை நிறமாலையாகப் பிரித்தால் மிகக் கூரிய கோடு ஒன்று 694.2 நானோமீட்டர் அலைநீளத்தில் தோன்றும். துகளை நெருக்கினால் குரோமியத்தைச் சூழ்ந்த ஆக்சிஜன் அணுக்கள் அதனை அணுகுகின்றன. கோடு நீண்ட அலையின் பக்கம் நகர்கிறது. காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்காகிய ஒரு ஜிகாபாஸ்கலுக்கு அந்நகர்ச்சி சுமார் 0.365 நானோமீட்டர். கண்ணுக்குப் புலப்படாத மாறுதல்தான்; கருவி சில நிமிடங்களில் கண்டு சொல்லிவிடும்.

எனக்குப் பழக்கமான மணி வணிகர் ஒருவர், இருட்டறையில் ஊதா விளக்கின்கீழ் ஒரு சிறு கெம்பை வைத்துக் காட்டினார். தணல்போல் அது சிவந்து ஒளிர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் இதன் பொடியே போதும், அதுவும் செயற்கை மாணிக்கமே போதும் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. அவர் கடையில் கூட்டித் தள்ளும் தூள், அங்கே வைரங்களுக்கு நடுவில் வீற்றிருக்கிறது.

கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம் பாண்டியன் அவையில் உண்மையை உரைத்தது. அதனை அரசன் ஐயுறவில்லை. அறிவியலோ எந்தச் சாட்சியையும் குறுக்கு வினவாமல் விடுவதில்லை. கோட்டின் நகர்ச்சி இவ்வளவு அழுத்தத்தைத்தான் குறிக்கிறது என்று எவ்வாறு அறிந்தனர்? 1975-ல் ஏறத்தாழ 2 இலட்சம் மடங்கு வரை மாணிக்கத்தை உப்போடு ஒப்பிட்டனர். உப்பின் கணக்கோ ஏட்டளவில் வகுத்த கணக்கு. 1978-ல் மாவோ, பெல் முதலியோர், அதிர்ச்சி அலையால் நெருக்கி ஆராயப்பட்ட செம்பு, வெள்ளி முதலிய உலோகங்களைத் துணைகொண்டு 10 இலட்சம் மடங்கு வரை சென்றனர். ஒரு சாட்சிக்கு மற்றொரு சாட்சி! பின்னர் சிறு சிறு வேறுபாடுகள் தோன்றின. ஆய்வாளர் வெவ்வேறு அளவுகோல்களைக் கையாண்டனர். இஃது அற்பச் செய்தி அன்று. நிலத்தின் கீழ் 660 கிலோமீட்டர் ஆழத்தில் பாறைகளின் அமைப்பு மாறுகிறது. அவ்விடத்து அழுத்தத்தை ஒரு ஜிகாபாஸ்கல் பிழையாகக் கொண்டால், ஆழத்தில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் பிழை நேரும். ஆகவே 2020-ல் பல நாட்டு அறிஞர் கூடி, 150 ஜிகாபாஸ்கல் வரை யாவரும் கொள்ளத்தக்க மாணிக்க அளவுகோல் ஒன்றைப் பரிந்துரைத்தனர்.

மாணிக்கத்திற்கு ஒரு குறை உண்டு. வெப்பம் ஏறினாலும் கோடு நகரும். மிக ஏறினால் அது மங்கிப் பரந்துவிடும். சமேரியம் சிறிது கலந்த ஸ்டிரான்சியம் போரேட்டு என்னும் மற்றோர் ஒளிரும் பொருளின் கோடு வெப்பத்தால் மிகச் சிறிதே அசைகிறது. ஆதலின் சூடேற்றிச் செய்யும் ஆய்வுகளில் இரண்டு துகள்களையும் அருகருகே வைத்து, இது சொல்லும் அழுத்தத்தைக் கொண்டு அதன் வெப்பத்தையும் கணக்கிட்டுக்கொள்கின்றனர்.