குற்றாலத்தில் ஆயாவும் நானும்

எங்கள் திருவதிகையில் இருந்து பார்த்தால் நான்கு திசையிலும் வானந்தான் தெரியும். சொல்லிக்கொள்ளும்படி ஒரு மலை கிடையாது. மலையே இல்லாத ஊரில் அருவி ஏது? எங்களுக்கு உள்ளதெல்லாம் கெடிலம் ஒன்றுதான். அதுவும் ஆண்டில் பாதி நாள் மணலாகவே கிடக்கும். ஆகவே சென்ற ஆண்டு ஜூலை மாதம் தென்காசியில் வேலை பார்க்கும் என் மாமா, தம் மகனுடைய காதணி விழாவுக்கு அழைத்து, "அப்படியே குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகலாம்" என்று எழுதியபோது வீட்டில் எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். நான் மட்டும் குதிக்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். 2015 நவம்பர் 9ஆம் தேதி பண்ணுருட்டிப் பக்கம் விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஊர்களில் வெள்ளம் புகுந்து பல உயிர்கள் போனதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாளில் நாங்கள் விசூர்ப் பக்கம் ஆயா வீட்டில் இருந்தோம். எனக்கு ஐந்து வயது. அப்பா என்னைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். ஆயாவின் இரண்டு ஆடுகள் எங்கள் கண் எதிரே போயின. முகங்களெல்லாம் மறந்துவிட்டன, ஆனால் அந்த ஓசை மறக்கவில்லை. நூறு லாரிகள் ஒன்றாக வருவது போன்ற ஓசை. அதன்பின் ஆயா எங்களோடு திருவதிகைக்கே வந்துவிட்டார்கள்.

விழுப்புரத்தில் நள்ளிரவுக்குச் சற்று முன் பொதிகை விரைவு வண்டியில் ஏறினோம். மாமா வீட்டுக்குப் பண்ணுருட்டிப் பலாப்பழம் கொண்டுபோகாமல் இருக்க முடியுமா? சாக்கில் கட்டி இருக்கையின் அடியில் வைத்தோம். விடிவதற்குள் அதன் வாசனை பெட்டி முழுவதும் பரவிவிட்டது. எதிரில் இருந்தவர், "எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள்?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆசையால் கேட்டாரா, தொல்லை தாங்காமல் கேட்டாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். பேருந்தை விட்டு இறங்கியதுமே மேனியில் சாரல் பட்டது. அதை மழை என்று சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலையைத் தாண்டும்போது இந்தப் பக்கம் சிந்துவதுதான் இந்தச் சாரல் என்று மாமா விளக்கினார்கள். ஜூன் மாதத்தில் தொடங்கிச் செப்டம்பர் வரை இதைத்தான் 'சீசன்' என்கிறார்கள். கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருந்தன. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வழியெல்லாம் கூப்பிட்டார்கள்.

முதலில் சித்திர சபைக்குப் போனோம். நடராசப் பெருமானுடைய ஐந்து சபைகளில் நம் சிதம்பரம் பொன்னம்பலம், குற்றாலம் சித்திர சபை. இங்கே பெருமான் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். எங்கள் ஆயா சிதம்பரத்து ஆனித் திருமஞ்சனத்தைத் தவறவிடாதவர்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்க பொன்னு, இங்க வண்ணம். சாமி ஒண்ணுதானே" என்றார்கள்.

அடுத்து பேரருவி. தோழியரே, அதைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன்! கடைவீதித் திருப்பத்திலேயே அந்த ஓசை வந்து மோதியது. அதே நூறு லாரிகள். என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. அம்மா, "கூட்டத்தில் தொலைந்துவிடாதே, வா" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் நடுத்தெருவில் அழுதால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? என் தம்பி சிரித்தான்.

மாமா சிரிக்கவில்லை. என்னை ஒரு கடைத் திண்ணையில் உட்கார வைத்து விவரம் சொன்னார்கள். மேலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. பாறையின் நடுவே பொங்குமாகடல் என்ற ஆழமான பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் பேரருவியில் மனிதர் நிற்கவே முடியாதாம். தண்ணீர் பெருகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் போலீசார் யாரையும் குளிக்க விடமாட்டார்கள். "அப்படியானால் ஆபத்தே இல்லையா?" என்று கேட்டேன். மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததைச் சொன்னார்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே காட்டில் மழை கொட்டலாம். அந்தத் தண்ணீர் வருகிற செய்தி நமக்குத் தெரியாது. "அதனால்தான் அபாயச் சங்கு ஒலித்தால் துண்டைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிட வேண்டும்" என்றார்கள். ஆபத்தே இல்லை என்று மாமா சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னதால்தான் எழுந்து நடந்தேன்.

பெண்கள் குளிக்கும் பகுதி தனியாக இருந்தது. ஆயா வீட்டிலிருந்தே நல்லெண்ணெயும் சீயக்காயும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் குளிக்கக் கூடாது என்று தடை இருக்கிறது என்றதும் ஆயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எண்ணெ இல்லாம இன்னா குளியல்?" என்று முணுமுணுத்துக்கொண்டே சீசாவை அம்மாவிடம் கொடுத்தார்கள். எனக்கென்னவோ அந்தத் தடை சரியாகத்தான் பட்டது. அந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகித் தென்காசி வழியே போய்த் தாமிரபரணியில் கலக்கிறது. வழியில் எத்தனை ஊர்கள்!

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அறுபத்தெட்டு வயது ஆயா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று அருவிக்குள் போய்விட்டார்கள். கொண்டை அவிழ்ந்து வெண்கூந்தல் முகத்தில் விழுந்தது. ஆயா சிரித்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிறுமியாக இருந்தபோது கெடிலத்தில் தண்ணீர் ஓடும், இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்துவோம் என்று ஆயா சொல்லும்போதெல்லாம் கதை என்றே நினைத்திருந்தேன். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் அருவியில் அது உதவாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடியும். ஆயா நின்ற நிலையைப் பார்த்தபோது கதை இல்லை என்று தெரிந்தது.

"பாப்பா, வா!" என்று ஆயா கையை நீட்டினார்கள். நான் ஓரமாகப் போனேன். முதலில் திவலை. அடுத்து தோளில் ஓர் அடி. பிறகு ஆயா என்னைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அப்பப்பா! முதுகில் நூறு பேர் சேர்ந்து குத்துவதுபோல் இருந்தது. மூச்சுத் திணறியது. ஆனால் ஒரு விந்தை. வெளியே அவ்வளவு பெரிதாகக் கேட்ட ஓசை உள்ளே இல்லை. எங்கும் அதுவே நிறைந்திருந்ததால் தனியாகக் கேட்கவில்லை போலும்.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. சங்கு ஒலித்தது. போலீசார் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். ஓடவில்லை. ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு வழுக்காமல் நடந்து வந்தேன். திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் செந்நிறமாக மாறி, நாங்கள் நின்ற இடத்தை மூடிக்கொண்டிருந்தது. அதன்பின் அன்று முழுவதும் யாரையும் குளிக்க விடவில்லை. ஐந்தருவியை எட்ட நின்று பார்த்ததோடு சரி.

திண்ணையில் தலை துவட்டிக்கொண்டே கேட்டேன், "ஆயா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

ஆயா என்னைப் பார்க்காமல் சொன்னார்கள்: "பயமா? மழ பேஞ்சா நா தூங்கறதே கெடயாது, பாப்பா. ராத்திரி எழுந்து வாசல்ல தண்ணி வருதான்னு பாத்துட்டுப் பாத்துட்டு வருவேன். நீங்க எல்லாம் தூங்கிக்கினு இருப்பீங்க."

நான் தூங்கியதில்லை. ஆயாவின் காலடிச் சத்தம் கேட்டிருக்கிறேன். அவர்கள் வேறு ஏதோ வேலையாக எழுந்து போகிறார்கள் என்று எண்ணி, போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் விழித்திருந்தோம். ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் இரவு நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஆயா எழுந்து கதவைத் திறக்கும் ஓசை கேட்டது. நானும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் மழை சரிந்து விழுந்துகொண்டிருந்தது.

"தண்ணி எங்க ஆயா இருக்கு?"

"தெருக்கோடியிலகூடக் காணோம். போய்ப் படு."

"நீங்களும் வாங்க" என்றேன். ஆயா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள்.