ஹான்லே இரவில் எது நட்சத்திரம், எது வெறும் புள்ளி?

லே நகரிலிருந்து கிளம்பும் வண்டி நாளின் பெரும்பகுதி சிந்து நதியோடு சேர்ந்தே போகிறது. உப்ஷியில் ஒரு டீ, சுமதாங்கில் ஆற்றங்கரை வெந்நீர் ஊற்று. நியோமா தாண்டினால் மண்ணும் கல்லும்தான். லோமாவில் ஆற்றைக் கடந்து தெற்கே திரும்பினால், காட்டுக் கழுதைகள் மேயும் அகன்ற சமவெளியைத் தாண்டி ஹான்லே. லேயிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். சீன எல்லைக்குப் பக்கம் என்பதால் அனுமதிச் சீட்டு கட்டாயம். இவ்வளவு பாடுபட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் தேடி வருவது இருட்டை.

2022-ம் ஆண்டு ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதி 'இருண்ட வான் காப்பகம்' என்று அறிவிக்கப்பட்டது. இங்கே இரவில் வீட்டு ஜன்னல்களுக்குத் திரை போடுகிறார்கள். வண்டிகளின் ஹெட்லைட்டைத் தாழ்த்தச் சொல்கிறார்கள். உள்ளூர் இளைஞர்களுக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் தந்திருக்கிறார்கள்; பயணிகளுக்குச் சனிக்கோளின் வளையத்தைக் காட்டுவது அவர்களுக்கு இப்போது வருமானம் தரும் வேலை. மலை உச்சியில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஊட்டியைப்போல் இரண்டு மடங்கு உயரம்! அதை இயக்குகிறவர்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். நம் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் வானாய்வகமும் இதே நிறுவனத்துடையதுதான்.

அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஹான்லேயின் ஹோம்ஸ்டேக்களில் இடம் கிடைப்பது கஷ்டம். பதினேழாம் நூற்றாண்டு மடாலயம் நிற்கும் குன்றுக்குக் கீழே ட்ரைபாட்கள் வரிசையாக முளைத்துவிடும். எல்லோர் கேமராவிலும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு: லென்ஸ் முழுதும் திறந்திருக்கும், ஷட்டர் 20 விநாடி, ஐ.எஸ்.ஓ. 3200 அல்லது 6400. திரையில் பால்வீதி தெரிந்ததும் ஒரு சந்தோஷக் குரல். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் குரல் இறங்கிவிடும். வானமெல்லாம் மணலை வாரி இறைத்ததுபோல் புள்ளிகள்.

இதைத்தான் 'நாய்ஸ்' என்கிறார்கள். வெளிச்சம் குறைவாக இருக்கும்போது சென்ஸாரில் விழும் ஒளித்துகள்களே சொற்பம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் அந்த எண்ணிக்கை ஏறி இறங்கும். சென்ஸாரின் சூடும் தன் பங்குக்குப் பொய்யான ஒளியைச் சேர்க்கும். இந்த இரண்டாவது தொல்லை ஹான்லேயின் குளிரில் தானாகவே குறைகிறது. பேட்டரியும் அதே குளிரில் சீக்கிரம் படுத்துவிடும் என்பது வேறு விஷயம். உபரி பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது உத்தமம்.

வீடு திரும்பி மென்பொருளைத் திறந்ததும் பலரும் செய்வது, முதலில் வெளிச்சத்தைக் கூட்டுவது, பிறகு கான்ட்ராஸ்ட், பிறகு ஷார்ப்னெஸ். எல்லாம் முடிந்து, மணல் இன்னும் அதிகமாகத் தெரிகிறதே என்று கடைசியில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' பட்டையை ஒரேயடியாக வலது பக்கம் இழுப்பது. வெந்த சோற்றில் கல் பொறுக்குகிற கதைதான் இது. ஷார்ப்னெஸ் கூட்டும்போது நட்சத்திரத்தோடு நாய்ஸ் புள்ளியும் சேர்ந்து கூர்மையாகிவிடுகிறது. அதன்பிறகு மென்பொருளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. துடைத்து எடுத்தால் வானம் வழவழவென்று ஆகும். மங்கலான நட்சத்திரங்கள் மொத்தமாகக் காணாமல் போகும். சென்னையின் மொட்டை மாடியில் தெரியாத அந்த மங்கல் நட்சத்திரங்களுக்காகத்தானே அவ்வளவு தூரம் போனது?

ஆகவே ஒற்றைப் படமாக இருந்தால் முதல் வேலையே சுத்தம் செய்வதாக இருக்கட்டும். கேமராவில் 'ரா' வடிவில் எடுத்த கோப்பில், வேறு எதையும் தொடும் முன். லைட்ரூமில் 2023-ல் வந்த ஏ.ஐ. 'டீனாய்ஸ்' வசதி இப்படிப்பட்ட ரா கோப்பைத்தான் எதிர்பார்க்கிறது. லைட்ரூமின் சாதாரணப் பட்டைகளை எந்த வரிசையில் நகர்த்தினாலும் மென்பொருள் உள்ளே தன் சொந்த வரிசையில்தான் கணக்குப் போடும் என்பதால் அங்கே பெரிய ஆபத்தில்லை. ஃபோட்டோஷாப்பில் அப்படியல்ல. முதலில் செய்தது முதலில் படத்தில் பதிந்துவிடும். அங்கே வரிசை தப்பினால் தப்பியதுதான்.

இந்த விதிக்கு ஹான்லேயிலேயே ஒரு பெரிய விலக்கு உண்டு. அனுபவசாலிகள் ஒரே காட்சியை ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாறு, இருபது என்று எடுத்துத் தள்ளுகிறார்கள். பிறகு நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, எல்லாப் படங்களுக்கும் சராசரி எடுக்கிறார்கள். 'ஸ்டாக்கிங்' என்று பெயர். நட்சத்திரம் எல்லாப் படத்திலும் இருக்கும். நாய்ஸ் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் விழும். சராசரியில் அது அமுங்கிவிடுகிறது. பதினாறு படங்களைச் சேர்த்தால் நாய்ஸ் நாலில் ஒரு பங்காகக் குறையும். அசையாத மடாலயத்தைத் தனியாகப் பொருத்திச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் குன்றே இழுபட்டதுபோல் மங்கும்.

இப்படிச் செய்கிறவர்கள் தனித்தனிப் படங்களில் நாய்ஸைத் துடைக்கக் கூடாது. துடைக்கும்போது போன மங்கல் நட்சத்திரம் சராசரியில் திரும்பி வராது. முதலில் பொருத்து, பிறகு துடை. அதுவும் லேசாக.

சென்ஸாரின் குறையால் வரும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் இன்னொரு ரகம். அவை பார்க்க அசல் நட்சத்திரம்போலவே இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் படத்துக்குப் படம் நகரும். இந்தப் புள்ளிகள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். கேமராவிலேயே 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்ற வசதி இருக்கிறது. 20 விநாடி எடுத்ததும் ஷட்டரை மூடியபடி இன்னொரு 20 விநாடி எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளைக் கழித்துவிடும். ஓரிரு படங்களுக்கு நல்லது. ஸ்டாக்கிங் செய்கிறவர்களுக்கோ குளிரில் நிற்கும் நேரம் இரட்டிப்பாவதுதான் மிச்சம். அவர்கள் அதை அணைத்துவிட்டு, கடைசியில் லென்ஸுக்கு மூடி போட்டு அதே அமைப்பில் சில படங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கழித்தல் வேலையை அப்புறம் கணினி பார்த்துக்கொள்ளும்.

செல்போனில் எடுக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி பாதிதான். நைட் மோடில் போன் தானே பல படங்கள் எடுத்து, சேர்த்து, துடைத்துத்தான் கையில் கொடுக்கிறது. பிக்ஸல் போன்களின் நட்சத்திர மோடு 4 நிமிடம் வரை இப்படிச் சேகரிக்கிறது. அதன்மேல் இன்னொரு செயலியில் மறுபடியும் நாய்ஸை நீக்கினால் வானம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். தேவையே இல்லை. ட்ரைபாட் வாங்கும் காசுக்கு அது ஆயிரம் மடங்கு பிரயோஜனம்.

வெளிச்சமும் கான்ட்ராஸ்ட்டும் கூட்டிய பிறகு இருண்ட மூலைகளில் நாய்ஸ் மறுபடி தலைகாட்டும். அப்போது இரண்டாவது முறை துடைக்கலாம், ஆனால் மடாலயக் குன்று போன்ற நிழல் பகுதிகளில் மட்டும். வானத்தைத் தொடாமல் விடுவது நல்லது. ஷார்ப்னெஸ் எப்போதும் கடைசி, படத்தைத் தேவையான அளவுக்குச் சுருக்கிய பிறகு. சுருக்கும்போதே பல புள்ளிகள் சேர்ந்து ஒன்றாவதால் நாய்ஸும் குறைந்துவிடுகிறது. 24 மெகாபிக்ஸல் படத்தைக் கணினியில் 100 சதவிகிதம் பெரிதாக்கிப் பார்த்துக் கவலைப்படுகிறவர், அதே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பப்போகிறார் என்றால், பாதிக் கவலை வீண்.

நிறத்தில் கைவைக்கும்போதும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஹான்லே அளவுக்கு இருண்ட வானத்தில் வளிமண்டலமே மெலிதாகப் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நிறம் கெட்டுவிட்டது என்று நினைத்து அதையும் நாய்ஸோடு சேர்த்து வெளுத்துவிடுகிறவர்கள் உண்டு. அசல் ரா கோப்பை அழிக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான். 2024 மே மாதம் 10-ம் தேதி இரவு, சூரியனிலிருந்து கிளம்பிய பலத்த புயல் பூமியைத் தாக்கியது. வடதுருவத்துப் பக்கம் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்த துருவ ஒளி இந்தியாவிலும் பதிவானது. ஹான்லேயில் வானம் முழுவதையும் படமெடுக்கும் கேமராவில், வடக்கு அடிவானம் சிவந்திருந்தது.