புது இன்ஜினா, டர்போவா?

கொச்சிக் காயலில் வல்லார்பாடத்தைக் கடக்கும்போது மீனவர்களின் கண் மாதா கோவில் பக்கம் திரும்பும். 1752-ல் புயலில் படகு கவிழ்ந்து மூழ்கிய மீனாட்சியம்மாளும் கைக்குழந்தையும் மூன்றாம் நாள் உயிரோடு மீண்டார்கள் என்பது இங்குள்ள ஐதீகம். கடலில் எது கைவிட்டாலும் மாதா கைவிடமாட்டாள் என்ற நம்பிக்கை. ஆனால் மாதாவிடம் கேட்க முடியாத கேள்வி ஒன்றும் விசைப்படகுக்காரர்களிடம் உண்டு: வலுவிழந்த பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டுப் புதியதை வைப்பதா, அல்லது அதற்கே டர்போ பொருத்துவதா?

ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை, 52 நாள், கேரளத்தில் இழுவைமடிப் படகுகளுக்குத் தடை. மெக்கானிக்குகளுக்கு அதுதான் அறுவடைக்காலம். முடிவெடுக்கக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவுதான்.

பழைய இன்ஜின் தானாக மூச்சிழுக்கும் ரகம். பிஸ்டன் இறங்கும்போது எவ்வளவு காற்று வருகிறதோ அவ்வளவுதான் அதற்குச் சாப்பாடு. டர்போ, வீணாகும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை எரிக்கலாம். 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் ப்யூக்கி. 1926-ல் இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களில் 1,750 குதிரைத்திறன் இன்ஜின்கள் 2,500-ஐத் தொட்டன. டர்போவின் முதல் பெரிய வெற்றி தண்ணீரில்தான்.

ஆனால் அவை அதற்கென்றே திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. தொழிற்சாலையிலிருந்து டர்போவோடு வரும் டீசல் இன்ஜினில் பிஸ்டனும் பேரிங்கும் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும்படி இருக்கும். பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர்விப்பதும் உண்டு. பட்டறையில் பொருத்தும் டர்போ பழைய பிஸ்டனையே நம்பி ஓடுகிறது. ஹெட் கேஸ்கட் சாலையில் போனால் லாரியை ஓரங்கட்டலாம். கரையிலிருந்து ஒரு நாள் தூரத்தில் போனால் வேறொரு படகு வந்து கட்டி இழுக்க வேண்டும். காற்றடிக்கும் பருவத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

இன்ஜினை மாற்றுவதும் சுலபமல்ல. இன்ஜின் விலை பாதிக் கணக்குதான். கியர் பாக்ஸ், ஷாஃப்ட், புரொப்பெல்லர், இன்ஜினைத் தாங்கும் சட்டம் எல்லாம் புதிய சக்திக்கு ஈடுகொடுக்க வேண்டும். அப்படியும் தண்ணீர் தன் வரியை வசூலிக்கிறது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, சக்தி சுமார் 33 சதவீதம் கூட வேண்டும். சக்தியை இரட்டித்தாலும் வேகம் கால்பங்குதான் ஏறும். கனத்த படகில் அதுவும் கிடைக்காது. டீசல் செலவோ அப்படிச் சிக்கனம் காட்டாது.

பிறகு ஏன் இந்தப் பந்தயம்? வேகத்துக்காக மட்டுமல்ல, மடி இழுப்பதற்காக. பெரிய இன்ஜின் பெரிய மடியை ஆழத்தில் இழுக்கும். நூறு குதிரைத்திறனுக்குப் பழகிய கேரளப் படகுகளில் முந்நூறு, நானூறு குதிரைத்திறன் சீன இன்ஜின்கள் ஏறியது இதனால்தான். பக்கத்துப் படகு மாற்றினால் இவரும் மாற்ற வேண்டும். எல்லோரும் மாற்றிய பிறகு கடலில் மீன் கூடிவிடுவதில்லை, கடன்தான் கூடுகிறது.

அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் வேறு கேள்வி கேட்பார். இன்ஜெக்டரைச் சோதித்தாயிற்றா? அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டியாயிற்றா? புரொப்பெல்லர் இதழ் வளைந்திருக்கிறதா? 'இழுவை போய்விட்டது' என்று வரும் பல படகுகளுக்கு மருந்து இங்கேயே கிடைத்துவிடுகிறது. அதற்குமேல் நிஜமாகவே வலு தேவையென்றால், டர்போவோடு பிறந்த இன்ஜினை, படகு தாங்கும் அளவில் வாங்குவதே மேல். பழைய இன்ஜினின் தலையில் டர்போவைக் கட்டுவது மலிவாகத் தெரியும். மீதிப் பணத்தைக் கடல் எப்போது கேட்கும் என்பதுதான் தெரியாது.