கையெட்டும் பலகை

பல ஆண்டுகளுக்கு முன், பங்குப் பள்ளியின் தாளாளனாய்ப் பொறுப்பேற்றதும், முதல் வகுப்பிற்குப் புதிய பெஞ்சுகள் வாங்கிப் போட்டேன். பெற்றோர் மகிழ்ந்தனர், எனக்கும் பெருமிதம். ஆசிரியை மட்டும் தயங்கியபடி, "சாமி, பிள்ளைகள் சுவரண்டை போக வழியில்லையே" என்றார். நான் செவிசாய்க்கவில்லை.

அச்சுவரில், பிள்ளைகளின் கையெட்டும் உயரத்தில், கரும்பலகை இருந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலின் கொடை அது. பாயில் குழுவாய் அமர்ந்து, அட்டைகளைத் தாமே எடுத்து, அவரவர் வேகத்தில் கற்று, கற்றதைத் தமக்குரிய இடத்தில் எழுதிப் பார்ப்பதே அதன் முறை. அந்த இடத்தைத்தான் என் பெஞ்சுகள் அடைத்துக்கொண்டன.

திருவிழாவிற்காகப் பெஞ்சுகளைக் கோவில் முற்றத்திற்கு எடுத்துச் சென்ற அன்று வகுப்பிற்குள் நுழைந்தேன். கடைசி வரிசையில் வாய்திறவாதிருந்த சிறுவன், சுவரருகே மண்டியிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான்.

"இத்தனை நாள் ஏனப்பா எழுதவில்லை?"

ஆசிரியையின் உயர்ந்த பலகையைக் காட்டினான். "அது எட்டாது சாமி. இது எட்டுது."

பெஞ்சுகள் ஐந்தாம் வகுப்பிற்குப் போயின. பெற்றோர் சிலர் முணுமுணுத்தனர், பொறுத்துக்கொண்டேன். பாடத்திட்டத்தின் ஒரு பக்கம் வகுப்பறைத் தரையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க நானும் சற்றுக் குனிய வேண்டியிருந்தது.