யார் வெட்டியது?

இராயப்பேட்டையில் எங்கள் வீட்டு அலமாரியில் வெகுகாலமாக இரண்டு வேதாகமங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, ஹென்றி பவர் குழுவினர் 1871இல் நிறைவுசெய்த மொழிபெயர்ப்பு; 66 ஆகமங்கள். மற்றது, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். எங்களிடமுள்ள பதிப்பில் 73 நூல்கள். எங்களில் ஒருவர் தென்னிந்தியத் திருச்சபையிலும் மற்றவர் கத்தோலிக்கத் திருச்சபையிலும் வளர்ந்ததால் நேர்ந்த ஏற்பாடு இது.

சென்ற தவக்காலத்தில் எங்கள் மகள் யோவானின் முதல் நிருபத்தை இரண்டிலும் ஒப்பிட்டுப் படித்தாள். ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். பவரில் பரலோகத்தில் சாட்சியிடும் மூவர் இருக்கிறார்கள்: பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி. திருவிவிலியத்தில் அந்த மூவரைக் காணோம். "யார் வெட்டினது?" என்றாள். பவரில் அவ்வசனத்தின் கீழே தாத்தா இட்ட சிவப்புப் பென்சில் கோடு வேறு. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

விளக்கக் குறிப்புகளுள்ள வேதாகமம் ஒன்று வேண்டுமென்று தோன்றியது அப்போதுதான். பாரதி சாலையின் பழைய புத்தகக் கடையொன்றில் அமெரிக்கப் போதகர் ஸ்கோஃபீல்டின் ஆங்கிலப் பதிப்பு அகப்பட்டது. 1909இல் முதலில் வந்து 1917இல் திருத்தப்பட்டது. ஆதியாகமத்தின் ஓரத்திலேயே படைப்பின் ஆண்டு கி.மு. 4004 என்றிருந்தது. பேராயர் அஷர் 17ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்கு. திருப்பி வைத்துவிட நினைத்தோம். எதற்கும் எங்கள் வசனத்தைப் பார்ப்போமே என்று புரட்டினால், அது ஆதாரமற்ற பிற்சேர்க்கை என்பதே பொதுக்கருத்து என்று ஒளிவில்லாமல் எழுதியிருக்கிறார். திரித்துவத்தை முழுமையாக நம்பியவர், தமக்குச் சாதகமான வசனத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறார். அந்த நேர்மைக்காகவே வாங்கினோம்.

பிறகு மேலும் தேடிப் படித்தோம். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அவ்வரி இல்லை. லத்தீன் மரபில் நுழைந்தது அது. எராஸ்மஸ் தம் 1516, 1519 கிரேக்கப் பதிப்புகளில் சேர்க்காமல், 1522இல் சேர்த்தார். அவ்வழியே சீர்திருத்தச் சபைகளின் மொழிபெயர்ப்புகளுக்குள் வந்தது. ஆக, லத்தீன் திருச்சபையின் வரி பவரில் இருக்கிறது. கத்தோலிக்கரும் சேர்ந்து உருவாக்கிய நூலில் இல்லை! எங்கள் இருவரில் எவரும் மற்றவரைக் குற்றஞ்சாட்ட வழியில்லாமல் போயிற்று.

குறிப்புரைகளை மதிப்பிட இப்போது எங்களுக்கு ஒரே அளவுகோல்தான்: எழுதியவர் தம் கட்சிக்கு எதிராக ஓரிடத்திலாவது உண்மை பேசுகிறாரா?

"யாரும் வெட்டலை, யாரோ சேர்த்தாங்க" என்று மகளிடம் சொன்னோம். "அப்போ தாத்தா கோடு?" என்றாள். தாத்தாவின் நம்பிக்கை அந்த ஒரு வரியில் நிற்கவில்லை என்று சொல்லி, மத்தேயுவின் கடைசி அதிகாரத்தைக் காட்டினோம். சிவப்புக் கோட்டின் அருகே அவள் சிறியதாக எழுதினாள்: மத். 28:19.