தமிழய்யாவின் கணினியும் கமலைக் கிணற்றுச் சொற்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கணினி வைத்திருக்கும் ஓய்வூதியர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நம்மில் பலர் வீட்டில் இருப்பது பிள்ளைகள் வாங்கி வைத்துவிட்டுப் போன கணினி. அவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். நாம் அதில் ஓய்வூதியச் சீட்டு எடுக்கிறோம், மின் கட்டணம் கட்டுகிறோம், பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்கிறோம். அதைத் துப்புரவாக வைத்துக்கொள்வது எப்படி என்று மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மெதுவாக ஓடினால் "வைரஸ்" என்போம். கடைக்குத் தூக்கிப் போவோம். "ஃபார்மட் அடிச்சிரலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்பார்கள். தலையை ஆட்டிவிட்டு வருவோம்.

எங்களோடு பணியாற்றிய தமிழய்யா ஒருவர், கோவில்பட்டிப் பக்கம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பணி ஓய்வுக்குப் பிறகு கரிசல் காட்டு ஊர்களில் நடந்து திரிந்து, வழக்கொழிந்த வேளாண்மைச் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். கி.ரா.வின் கரிசல் அகராதியைப் பார்த்து ஆசை வந்தவர். கமலை இறைத்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். வடம், வால்கயிறு, சால் என்று அவர்கள் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் சொல்லச் சொல்ல, நோட்டில் எழுதி வந்து கணினியில் ஏற்றுவார். பதினோரு வருட வேலை. சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை.

ஒரு நாள் போன் செய்தார். குரலே சரியில்லை. "சார், அச்செடுக்க பென்டிரைவைக் கடைக்குக் கொண்டு போனேன். திரும்பி வந்து பார்த்தா ஃபோல்டர் எல்லாம் அம்புக்குறி போட்டு நிக்குது. திறக்க மாட்டேங்குது. கடைக்காரத் தம்பி எல்லாம் போச்சு, பென்டிரைவையும் கம்ப்யூட்டரையும் ஃபார்மட் பண்ணிருங்கன்னு சொல்லுது." கடைசி இரண்டு வருடம் சேர்த்தது அந்த பென்டிரைவில் மட்டும்தான் இருந்தது.

"ஐயா, எதையும் தொடாதீங்க. கம்ப்யூட்டரை அணைச்சிட்டு இருங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். நான் அறிவியல் ஆசிரியர்தான், கணினிப் பொறியாளர் இல்லை. ஆனால் பள்ளியில் கணினி ஆய்வகத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன். இந்த அம்புக்குறி நோய் எனக்குப் பழக்கமானது. இந்த வகை வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறுக்குவழிகளை வைக்கும். நாம் அதைச் சொடுக்கினால் வைரஸ் ஓடும், அடுத்த கணினிக்கும் தாவும்.

என் மடிக்கணினியில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். விண்டோஸுக்காக எழுதிய இந்த வைரஸ் அதில் ஓடாது. விண்டோஸில் மறைக்கப்பட்ட கோப்பும் அதில் சாதாரணமாகத் தெரியும். பென்டிரைவைச் செருகினேன். அம்புக்குறிகளுக்கு நடுவே பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர். திறந்தால் உள்ளே "ஏர்", "கமலை", "மாட்டு நோய்", "மழை" என்று அவர் வைத்த பெயரிலேயே எல்லாம் இருந்தன. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே பார்த்து, "காப்பி போடும்மா, சார் வந்திருக்காக" என்றார்.

ஆகவே முதல் பாடம்: துப்புரவுக்கு முன் பிரதி. வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எழுத்துக் கோப்புகள், படங்கள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை மட்டும் எடுத்து வையுங்கள். செயலிகளைப் பிரதி எடுக்க வேண்டாம், நோயும் கூடவே வரும். "ஃபார்மட்" என்ற சொல்லுக்குத் தலையாட்டும் முன், "என் கோப்புகளைத் தனியாக எடுத்துவிட்டீர்களா, காட்டுங்கள்" என்று கேட்டுக் கண்ணால் பாருங்கள்.

அடுத்து அவருடைய மேசைக் கணினி. இணையத்தைத் துண்டித்துவிட்டு, கண்ட்ரோல் பேனலில் நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைத் திறந்தோம். பழைய பரணைத் திறந்தது போல இருந்தது. ஃப்ளாஷ் பிளேயர், மிகப் பழைய ஜாவா, காலாவதியான ஒரு ஆன்டிவைரஸ், அது போதாதென்று இன்னொன்று, "கணினியை வேகமாக்கும்" என்று சொல்லிக்கொண்டு வந்த இரண்டு செயலிகள், எப்போது வந்தது என்றே தெரியாத கருவிப்பட்டைகள்.

"ஓரமாக் கிடக்கட்டுமே சார், என்ன செய்யப் போகுது?" என்று கேட்டார் ஐயா. நியாயமான கேள்வி. பழைய நோட்டுப் புத்தகம் பரணில் கிடந்தால் ஒன்றும் செய்யாது. பழைய மென்பொருள் அப்படியல்ல. அது தாழ்ப்பாள் இற்றுப்போன பின்கதவு. ஃப்ளாஷுக்கு அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதை நீக்கிவிடுங்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு அதில் எந்த ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆள் இல்லை.

2017 மே 12-ஆம் தேதி கிளம்பிய வான்னாக்ரை நினைவிருக்கும். கணினிக் கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளே தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச் மாதத்திலேயே கொடுத்திருந்தது. இரண்டு மாதம் புதுப்பிக்காமல் கிடந்த கணினிகளும் ஆதரவு முடிந்த பழைய கணினிகளும்தான் வாசலைத் திறந்து வைத்தவை. இதைச் சொன்னதும் ஐயா, "அப்ப முதல்ல அந்தக் கதவை அடைங்க" என்றார்.

ஒவ்வொன்றாக நீக்கினோம். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே கணினியில் இருப்பது இரட்டைப் பாதுகாப்பு இல்லை. ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக் கணினியை இழுத்துப் பிடிக்கும். இரண்டையும் எடுத்ததும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

மெனக்கெட வேண்டியிருந்தது ஆபிஸ் தொகுப்பில். முன்பு ஒரு கடையில் "இலவசமாக" ஏற்றித் தந்தது. காசு கொடுக்காத மென்பொருளை ஏமாற்றி ஓட வைக்க ஒரு குறுஞ்செயலியும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அது ஓட வேண்டுமென்றால் ஆன்டிவைரஸை நிறுத்தி வை என்று கேட்கும். வீட்டுக்குள் வரும் விருந்தாளி நாயைக் கட்டிப் போடச் சொன்னால் சரி. காவல்காரனை வீட்டுக்கு அனுப்பச் சொன்னால்? இரண்டையும் நீக்கிவிட்டு லிப்ரேஆபிஸ் போட்டோம். அது உண்மையிலேயே இலவசம், சட்டப்படியும் சரி.

பிறகு டிஃபெண்டரில் "ஆஃப்லைன் ஸ்கேன்" கொடுத்தோம். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதனை நடக்கும். ஒளிந்துகொள்ளத் தெரிந்த வைரஸுக்கு அப்போது ஒளிய நேரம் இருக்காது. மணி அடிக்கும் முன்பே பள்ளி வாசலில் போய் நின்றால் பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாமே, அதுபோல. கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்தக் குறுஞ்செயலியின் மிச்சமும், பென்டிரைவுக்குத் தாவிய வைரஸும் பிடிபட்டன. அதன் பிறகு இணையத்தை இணைத்து, விண்டோஸைப் புதுப்பித்துவிட்டு முழு ஸ்கேன். அது இரவெல்லாம் ஓடியது. பென்டிரைவையும், பிரதி எடுத்த டிஸ்க்கையும் சேர்த்தே சோதித்தோம்.

இன்னொரு தொல்லை. திரையின் மூலையில் அடிக்கடி, "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்! உடனே அழையுங்கள்" என்று ஒரு எண்ணோடு சிவப்புப் பெட்டி வரும். ஐயா அம்மாவிடம் சொல்லாமல் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்டபோது சம்மதம் அழுத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். குரோமில் அமைப்புகளுக்குப் போய், அறிவிப்புகள் என்ற இடத்தில் தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினோம். தேவையற்ற நீட்சிகளையும் எடுத்தோம். பெட்டி வருவது நின்றுவிட்டது.

அந்த எண்ணுக்கு மட்டும் யாரும் அழைத்துவிடாதீர்கள். கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொல்வார்கள், அப்புறம் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். வைரஸைக் கண்டுபிடித்துவிட்டுத் தொலைபேசி எண் கொடுக்கும் நல்ல மென்பொருள் எதுவும் இல்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ஐயாவின் கணக்கில் எதுவும் குறையவில்லை. ஆனாலும் வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் கடவுச்சொற்களை அவருடைய கைபேசியிலிருந்து மாற்றினோம். நோயிருந்த கணினியில் மாற்றினால் புதிய சொல்லும் திருடன் கைக்குப் போகலாம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, நான் எதிர்பார்க்காத ஒரு சிக்கல். ஐயா தட்டச்சு செய்தது யூனிகோடு இல்லை, பழைய பாமினி எழுத்துரு. அதற்காக ஒரு பழைய விசைப்பலகை மென்பொருள் வைத்திருந்தார். அதுவும் நீக்க வேண்டிய பட்டியலில்தான் இருந்தது. பாமினியில் அடித்தது கணினிக்குத் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி போட்டது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "கமலை" என்ற சொல் ஏதோ கிறுக்கலாகத் தெரியும். தேடினாலும் கிடைக்காது.

இங்கே ஐயா சொன்னது எனக்குப் பாடம். "சார், வைரஸ் வந்தா இருக்கிறது மறையுது. இது இருக்கும்போதே யாருக்கும் தெரியாமப் போயிரும்போல." உண்மை. அழியாமல் வைத்திருந்தும் நாளைக்கு யாராலும் படிக்க முடியாது என்றால் அதுவும் இழப்புத்தான்.

எழுத்துருவை வைத்துக்கொண்டோம், அது ஆபத்தில்லாத சிறு கோப்பு. விசைப்பலகை மென்பொருளை மட்டும் எடுத்துவிட்டு, விண்டோஸிலேயே உள்ள தமிழ் விசைப்பலகையை இயக்கிக் கொடுத்தேன். பாமினியை யூனிகோடாக மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கோப்பாக மாற்றி, ஐயா மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பார்க்கிறார். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அதுதான் வேலை. முடிந்த கோப்புகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன: கணினியில், வெளி டிஸ்க்கில், மகளின் இணையச் சேமிப்பில்.

ஒன்று பாக்கி. அவருடையது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு அந்தக் கணினியில் இல்லை. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தரும் நீட்டிப்பு இருக்கிறது, அதில் பதிவு செய்திருக்கிறோம். அதற்குள் லினக்ஸ் பழகிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எழுபத்து மூன்று வயதில் அந்த ஆர்வம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நண்பர்களே, இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பிரதி. பிறகு அந்த மென்பொருள் பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாததை நீக்குங்கள். எது என்னவென்று தெரியாவிட்டால், பெயரைக் குறித்து வைத்துத் தெரிந்தவரிடம் கேட்ட பிறகு நீக்குங்கள். பழைய தமிழ் எழுத்துருவில் கவிதையோ குடும்ப வரலாறோ அடித்து வைத்திருப்பவர்கள் இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள். என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பட்டாசோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி வாருங்கள். அப்பாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். "இதுகூடத் தெரியாதா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தபோது நாங்கள் அப்படிக் கேட்கவில்லை.