நேற்றைய முட்டைக்கு நேற்றைய விலை

நாமக்கல் பரமத்தி ரோட்டில் கீழே டயர் கடை, மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். படியேறும்போதே மிஷின் சத்தம் காதில் விழும். ஹாலின் ஒரு பாதியில் ஃபேசிட்டும் ரெமிங்டனும் வரிசையாக இருக்கின்றன. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்கள். இந்தப் பக்கம் நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடித்தால் லோயர், 45 அடித்தால் ஹையர். அந்தப் பக்கம் சி.ஓ.ஏ., அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற பரீட்சை அது. டி.என்.பி.எஸ்.சி. வழியாக டைப்பிஸ்ட் ஆகிறவர்களுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம். சேரும்போது கையில் இல்லாவிட்டாலும் தகுதிகாண் பருவம் முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும். அதனால் பி.காம். படிக்கிற எங்களைப் போன்றவர்களில் பாதிப் பேர் சாயங்காலம் இங்கேதான் இருக்கிறோம்.

மேடம் அக்கறையாகத்தான் சொல்லித் தருகிறார். ஆனாலும் பரீட்சை என்று வந்துவிட்டால் எந்தக் கட்டளை எந்த மெனுவில் இருக்கிறது என்பதே பாடமாகிவிடுகிறது. பிளஸ் ஒன்னில் கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்கள் ஓப்பன் ஆபீஸில் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்று படித்துவிட்டு வந்தார்கள். இங்கே வேர்டு, எக்ஸெல், பவர்பாயின்ட். கையிலிருக்கும் போனில் கூகுள் ஷீட்ஸ். மெனுவை உருப்போட்டவளுக்கு மூன்றும் தனித்தனிப் பாடம். கணக்கின் போக்கைப் பிடித்துக்கொண்டவளுக்கு மூன்றும் ஒன்றுதான். பயிற்சிக்குக் கொடுக்கிற அட்டவணையில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலம் போட்டு, டிவி எத்தனை விற்றது, ஃப்ரிட்ஜ் எத்தனை விற்றது என்று இருக்கும். எந்த ஊர் டிவி, யார் விற்றது என்று கேட்க அதில் ஒன்றுமில்லை. கூட்டல் வந்தால் சரி, அடுத்த பாடம்.

முட்டையும் லாரியும் இருக்கிற ஊரில் டிவி கணக்கை எதற்குப் போட்டுப் பழக வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவே இல்லை. நாங்கள் படிப்பது நம் பக்கத்தில் எங்கே, எப்படிப் புழங்குகிறது என்று நேரில் போய்ப் பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் சேலம் ரோட்டில் ஒரு லாரி ஆபீஸ். வாசலில் டிஎன் 28 வண்டி ஒன்று லோடு இறக்கிவிட்டு வந்து நிற்கிறது. உள்ளே மேஜை, அதன் மேல் மானிட்டர், பக்கத்திலேயே நீளமான பேரேடு. கணக்கர் ஐயாவுக்கு அறுபது வயதிருக்கும். என் அப்பாவுக்குப் பழக்கம்.

"வா பாப்பா, உக்காரு. கம்ப்யூட்டர் படிக்கிறியாமே? இத என்னன்னு பாரு. தேதி வரிசையா அடுக்குன்னா அடுக்க மாட்டேங்குது" என்றார்.

திரையில் ட்ரிப் ஷீட். வண்டி நம்பர், ஏத்தின ஊர், இறக்கின ஊர், வாடகை, அட்வான்ஸ், டீசல், டோல், டிரைவர் படி, ஏத்துக்கூலி, பாக்கி என்று தலைப்புகள் அவ்வளவு கச்சிதமாக இருந்தன. பேரேட்டில் முப்பது வருஷம் எழுதிய கை அது. சிக்கல் தேதியில்தான். நாம் தேதி எழுதும்போது நடுவில் புள்ளி வைப்பதுதான் வழக்கம். ஏப்ரல் 5 என்றால் 05.04 என்று எழுதி, புள்ளி வைத்து வருஷம். எக்ஸெல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாகப் பார்க்கிறது. அடுக்கச் சொன்னால் முதல் எழுத்திலிருந்து அடுக்குகிறது. மே 1, ஜூன் 1, ஏப்ரல் 2, மே 2 என்று மாதங்கள் கலந்து கிடந்தன. இரண்டு தேதிக்கு நடுவே எத்தனை நாள் என்று கழிக்கவும் முடியவில்லை. வண்டி கிளம்பி எத்தனை நாளில் திரும்பியது என்பதை ஐயா விரல் விட்டு எண்ணிப் பக்கத்துக் கட்டத்தில் அடித்துவைத்திருந்தார்.

கன்ட்ரோலோடு ஹெச் அழுத்தி, புள்ளி இருக்கும் இடத்தில் சாய்கோடு போடச் சொன்னோம். ஓட்டிப் பார்த்தால் பாதிதான் தேதியாக மாறியது, அதுவும் தப்பாக. அந்தக் கம்ப்யூட்டரில் ஊர் அமைப்பு அமெரிக்காவாகவே இருந்திருக்கிறது. அங்கே மாதம் முன்னால், தேதி பின்னால். ஆகவே நம் ஏப்ரல் 5 அதற்கு மே 4. 12-ம் தேதிக்கு மேல் போனால் பதின்மூன்றாவது மாதம் ஏது என்று அப்படியே எழுத்தாக விட்டுவிட்டது. மாற்றியதைத் திரும்ப எடுத்து, அமைப்பை இந்தியா என்று வைத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். எல்லாத் தேதியும் கட்டத்தின் வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. அதுதான் அடையாளம்: எழுத்து இடப்பக்கம் நிற்கும், எண்ணும் தேதியும் வலப்பக்கம் நிற்கும். அமைப்பை மாற்றியதில் இன்னொரு நன்மை, காற்புள்ளிகள் லட்சக் கணக்குக்கு வந்துவிட்டன. ஐயா வாடகைப் பத்தியைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் படிக்கிற மாதிரி இருக்குது" என்றார்.

அவர் எனக்குக் காட்டியது, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில். வண்டி நம்பரைப் பதிகிற இடத்தில் ஒவ்வோர் எழுத்தாக வாயால் சொல்லிக்கொண்டே அடிக்கிறார். நம்பரில் ஓரிரு இலக்கம் தவறினால் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு விட 2018-லேயே சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதற்கு மேல் தவறினால் சரக்கோடு வண்டி நின்றுவிடும். பில்லின் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வழியில் வண்டி படுத்துவிட்டால் ஆயுள் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ, முடிந்த எட்டு மணி நேரத்துக்குள்ளோ நீட்டித்தாக வேண்டும். நடுராத்திரி என்றாலும் அவர்தான் எழுந்து செய்கிறார். எங்கள் வகுப்பில் இதற்குப் பெயர் டேட்டா என்ட்ரி. ஏதோ கடைசி வேலை மாதிரிச் சொல்லிவிடுகிறோம். அந்த மேஜை அருகே நின்று பார்த்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

அடுத்தது புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை. என் வகுப்புத் தோழியின் அப்பா அங்கே மேனேஜர். கேட்டில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். ஆபீஸ் என்பது தீவன மூட்டை அடுக்கிய அறையின் ஒரு மூலை. மேஜை மேல் தோழியின் அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்தவற்றில் பல இப்படித்தான் ஏதோ ஒரு மேஜையில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

ஷெட் வாரியாகக் கணக்கு. கோழி எத்தனை, செத்தது எத்தனை, முட்டை, உடைசல், தீவனம். முட்டையைக் கோழி எண்ணிக்கையால் வகுத்தால் அன்றைய உற்பத்தி விகிதம். அதுதான் பண்ணையின் நாடி. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விகிதம் இறங்கினால் டாக்டரைக் கூப்பிடுகிறார்கள். ஆகவே வகுக்கிற எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்: நேற்றைய இருப்பில் நேற்றுச் செத்ததைக் கழித்தால்தான் இன்றைய இருப்பு. அதை அவர்கள் ஒழுங்காகவே போட்டிருந்தார்கள்.

குழப்பம் விலையில். நாமக்கல் முட்டைக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்.இ.சி.சி. விலை அறிவிக்கும். வியாபாரி அதிலிருந்து சில காசு குறைத்து எடுப்பதுண்டு. அதற்கு இங்கே மைனஸ் என்று பேர். அறிவித்தது 5 ரூபாய் 20 காசு, மைனஸ் 30 காசு என்று வைத்துக்கொண்டால் பண்ணைக்குக் கிடைப்பது 4 ரூபாய் 90 காசு. முன்பு இருந்த கிளார்க் அந்த விலையைத் தாளின் உச்சியில் ஒரே கட்டத்தில் வைத்து, டாலர் குறி போட்டுப் பூட்டி, மாதம் முழுவதையும் அதோடு பெருக்கிவிட்டிருந்தார். எக்ஸெல் வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கித் தரும் சூத்திரம் அது. ஆனால் விலை மாறியதும் உச்சியில் இருப்பதை மாற்றுகிறார்கள். உடனே முதல் தேதியிலிருந்து எல்லா நாளின் தொகையும் சேர்ந்து மாறிவிடுகிறது. மாதக் கடைசியில் வியாபாரியின் பில்லோடு ஒத்துப்போவதே இல்லை.

"அவங்க ஏமாத்தறாங்களோன்னு கூட நெனச்சுட்டமுங்க" என்று மேனேஜர் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. தப்பான இடத்தில் விழுந்த ஒரு டாலர் குறி, வருஷக்கணக்காகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிற இரண்டு பேர் நடுவே சந்தேகத்தை மூட்டிவிட்டிருக்கிறது.

தோழியும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு நாளின் வரிசையிலும் அறிவித்த விலைக்கு ஒரு பத்தி, மைனஸுக்கு ஒரு பத்தி சேர்த்தோம். பழைய பில்களை எடுத்துவந்து மேனேஜர் வாசிக்க, தோழி அடித்தாள். பூட்டி வைக்க அந்தத் தாளில் ஒரே ஓர் எண்தான் மிஞ்சியது: ஒரு ட்ரேக்கு 30 முட்டை. அது என்றைக்கும் மாறாது. விலை தினசரி மாறக்கூடியது, அதனால் அந்தந்த நாளோடு நிற்க வேண்டும். நேற்று விற்ற முட்டைக்கு நேற்றைய விலைதான் என்பது பண்ணையில் கூடை தூக்குகிறவருக்கும் தெரியும். எது நிற்கும், எது நகரும் என்ற அந்த அறிவு தொழிலில் இருக்கிறது. டாலர் குறி அதைத் தாளில் எழுதும் முறை மட்டுமே. வகுப்பில் நாங்கள் முறையை மட்டும் படிக்கிறோம்.

இந்த மாதிரித் தாளே ஒரு மாணவனின் மனதில் பிறந்ததுதான். 1978-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், பேராசிரியர் கரும்பலகையில் போடும் அட்டவணையைக் கவனித்தார். ஓர் எண்ணைத் திருத்தினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது. ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக மாறினால் என்ன என்று தோன்றியதிலிருந்து, பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து 1979-ல் விசிகால்க் வந்தது. எக்ஸெல் அதற்குப் பின் 1985-ல்தான். தாமாக மாறுவதுதான் அதன் முழுப் பலம். எவை மாறக்கூடாது என்று சொல்வது இன்றுவரை உட்கார்ந்து அடிக்கிற ஆளின் பொறுப்பு.

சி.ஓ.ஏ. பாடத்தைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்களிடம் நான் மனதாரக் கேட்பது இதுதான். சேலம், நாமக்கல் பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாளாக ஒரு ட்ரிப் ஷீட் கொடுங்கள், ஒரு ஷெட்டின் மாதக் கணக்கு கொடுங்கள், ராசிபுரம் பக்கத்துக்கு ஜவ்வரிசி மூட்டைக் கணக்கு கொடுங்கள். வீட்டில் காட்டினால் அப்பாவே தப்புக் கண்டுபிடிப்பார். அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

கடைசியாக, புதுச்சத்திரத்திலிருந்து ஆண்டகளூர் கேட், மல்லூர் வழியாகச் சேலம் பஸ். முதல் அக்ரஹாரம் பக்கத்துச் சந்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு டி.டி.பி. கடை. ஆடி மாதம், வீடுகளில் விசேஷம் இல்லை; கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஆவணி முகூர்த்தப் பத்திரிகை எல்லாம் இப்போதுதான் அடித்தாக வேண்டும்.

அங்கே இன்னும் பேஜ்மேக்கர். 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு அடோபி அதை நிறுத்திக்கொண்டது. அதற்கு யூனிகோடு தெரியாது. பழைய தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்து உட்காரும் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. போனில் நாம் அடிப்பதெல்லாம் யூனிகோடுதான். ஆனால் பார்டரும் பிள்ளையாரும் தோரணமும் இருபது வருஷமாகப் பேஜ்மேக்கரில் சேர்த்துவைத்த கடை, ஒரே நாளில் எப்படி மாறும்?

அடிக்கிற அக்காவுக்கு விரல் பழைய மிஷின் முறையில் ஓடுகிறது. மிஷினில் 'அம்மா' அடிக்க முதலில் அ, பிறகு புள்ளி, அது நகராமல் நிற்கும், அதன் கீழ் ம, அப்புறம் ம, கடைசியில் கால். 1999-ல் சென்னை தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து வந்த தமிழ்99 முறையில் அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய்யெழுத்து இரட்டித்தால் புள்ளி தானாக விழும். புதிதாகப் படிக்கிறவர்கள் தமிழ்99 பழகுவதே நல்லது என்பது என் எண்ணம். அக்காவிடம் சொன்னேன்.

"நல்லதுதான் கண்ணு, இனிமே என் வெரலு எங்க மாறப்போகுது" என்றபடி வேலையைப் பார்த்தார்.

வாட்ஸப்பில் ஒரு வீட்டுக்காரர் பத்திரிகை வாசகம் அனுப்பியிருந்தார். அக்கா அதை எடுத்து ஒரு மாற்றியில் போட்டு, பழைய எழுத்துருவாக்கி, பேஜ்மேக்கரில் ஒட்டினார். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரி. அவர் நேராகப் பெயர்களுக்குப் போனார். மணமகள் பெயரில் 'ஸ்ரீ' உடைந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. மாமன் பெயரில் 'ஷ்' தன் புள்ளியை விட்டிருந்தது. வடமொழி எழுத்துகள்தான் மாற்றியில் முதலில் உடையும் என்று அவருக்கு அனுபவம். கையால் திருத்தினார். பிறகு அந்த வீட்டுக்குப் போன் போட்டு முழுப் பத்திரிகையையும் வாசித்தார், இனிஷியல் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, அவர்கள் 'ஆமாங்க' என்று சொன்ன பிறகே மேலே போனார்.

எனக்கும் இதைச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். நிமிராமலே பதில் சொன்னார்: "ஆவணி முகூர்த்தம் முடியட்டும் கண்ணு. அப்பறம் வா, ஒரு வாரம் புரூஃப் மட்டும் பாரு. கண்ணு பழகுச்சுன்னா கீபோர்டுல உக்கார வெக்கறேன்."

சரிக்கா என்று சொல்லிவிட்டு, அவர் ஒதுக்கிவைத்திருந்த பழைய புரூஃப் தாள்களில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் சிவப்பு மையில் சுழித்த இடங்களை முதலில் படிக்க வேண்டும்.